வெயிலில் உலர்த்திய கூடாரம்

செப்டம்பர் 7

குறுவை அறுப்பு ஒருவழியாக முடிந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் குவித்தாயிற்று. இனி அது அரசாங்கத்தின் பாடு, மழையின் பாடு.

மத்தியானம் குளித்துவிட்டு மயிலாடுதுறை பஸ் ஏறினேன். அஸாரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு, என்.சி.சி.யில் என் பக்கத்து வரிசை. படிப்பு முடிந்து சில வருஷத்தில் அவன் ஷார்ஜாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போனான். நான் குத்தாலத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் வயலோடு தங்கிவிட்டேன். சர்க்கரை அவன் கண்ணில் இறங்கி, ஊருக்குத் திரும்பி வந்து, இப்போது இரண்டு வருஷம். வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிகிறதாம்.

உள் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கமருன்னிஸா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் எதிரிலேயே சொன்னாள்: "அண்ணே, வாசப்படி தாண்ட மாட்டேங்கிறாரு. பள்ளிவாசல் இந்தா இருக்கு, அதுக்கும் போறதில்ல. உங்க பேச்சையாவது கேக்குறாரான்னு பாருங்க."

என்ன சொல்வது? எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். "தை அறுப்பு முடிஞ்சதும் வேதாரண்யம் போவோமாடா, முன்ன மாதிரி?"

டீ ஆறி ஏடு கட்டியது. அப்புறம் கேட்டான்: "அந்த டென்ட்டு இருக்கா?"

"பத்திரமா இருக்கு."

"அதுன்னா வரேன். வேற எதுலயும் என்னால முடியாது. லாட்ஜு, புது வீடு எல்லாம் எனக்கு இப்ப கிணறு மாதிரி. அந்த டென்ட்டுல எது எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்."

வருகிற வழியெல்லாம் சந்தோஷம். கமருன்னிஸா வாசல் வரை வந்து என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

செப்டம்பர் 8

கூடாரத்தை எடுக்கப் பரணில் ஏற என் மனைவி மேகலா விடவில்லை. என் இடுப்பு வலி சரியாகட்டுமாம்.

செப்டம்பர் 10

கூடாரத்தை இறக்கினேன்.

அஸாரின் அண்ணன் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தது. கரும்பச்சை. இரண்டு பேர் படுக்கலாம், மடித்தால் ஒரு தலையணை அளவு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. மாசி மாதம் அறுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். அங்கே கண்ணுசாமி என்பவரின் தென்னந்தோப்பில் கூடாரம் அடிப்போம். விடிந்ததும் உப்பளத்துப் பக்கம் போய்ப் பறவைகளைப் பார்ப்போம். பெயர் ஒன்றும் தெரியாது. நாங்களே பெயர் வைப்போம். சிவப்புக்கால்காரன், தட்டைமூக்கன். கண்ணுசாமி வீட்டுக் கொடுவா மீன் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்படி ஐந்தாறு மாசி. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்கூடப் போனோம்.

ஷார்ஜா போகும்போது அதை என்னிடம் கொடுத்து, "பாத்துக்கடா" என்றான். பார்த்துக்கொண்டேன். வருஷம் தவறாமல் பங்குனியில் விதைநெல் காயப்போடும் நாளில் கூடாரத்தையும் களத்தில் விரிப்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை. நெல்லைப் புரட்டுகிறபோது அதையும் புரட்டுவேன். ஒரு பூசணம் இல்லை, ஒரு எலிக்கடி இல்லை. மேகலாவுக்கு அது ஒரு கேலி. "மாமியாருக்குக்கூட இப்படிச் செய்யமாட்டீங்க."

இன்று கொல்லையில் அடித்துப் பார்க்கலாம் என்று கம்பியைச் செருகிக் கயிற்றை இழுத்தேன். கயிறு கையோடு வந்தது. துணியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. அப்பளத்தில் போவதுபோல்.

செப்டம்பர் 11

என்ன கருமம்டா இது. நான் என்ன கொறை வச்சேன்? போன வருஷம் கூட மடிச்சு வச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு – நல்லா இருந்துச்சா? இழுத்துப் பாத்தேனா? வெறும்ன மடிச்சு வச்சேன். அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான். இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

செப்டம்பர் 13

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் செம்மொழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மில் ஒன்றில் துணியைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கூப்பிட்டாள்.

"அப்பா, துணியக் கிட்ட வச்சுப் பாருங்க. சின்னச் சின்னக் கட்டம் தெரியுதா?"

தெரிந்தது. இத்தனை வருஷம் அதைக் கோலம் மாதிரி ஒரு அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அது ரிப்ஸ்டாப் நைலானாம். சாதாரணத் துணியில் எல்லா நூலும் ஒரே கனம். இதில் சில நூலுக்கு ஒருமுறை குறுக்கிலும் நெடுக்கிலும் கனத்த நூல் ஓடுகிறது. முள்ளோ கல்லோ கிழித்தால் கிழிசல் அந்தக் கனத்த நூல் வரை வந்து நின்றுவிடும். ஒரு கட்டத்தோடு போயிற்று. அதனால்தான் துணியை மெலிதாக நெய்யமுடிகிறது, மடித்துப் பையில் வைக்கமுடிகிறது.

"அப்பன்னா ஏன் இப்படி நைஞ்சு போச்சு?"

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

பரணில் என்றேன். வருஷா வருஷம் வெயிலில் காயவைத்ததையும் பெருமையாகச் சொன்னேன்.

"நைலானுக்கு வெயில் ஆகாதுப்பா. கனத்த நூலு, மெல்லிசு நூலு எல்லாத்தையும் வெயில் தின்னுரும். நெழல்ல உலத்தணும்." பிறகு குரல் மாறியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "நெல்லோட சேத்தா காயப்போட்டீங்க?"

வேறு எதோடு போடுவார்களாம்? எங்கள் பக்கம் ஒன்றைக் காப்பாற்றவேண்டுமென்றால் வெயிலில்தான் போடுவோம். நெல், உளுந்து, மிளகாய், வடகம், மெத்தை, தலையணை. குளிப்பாட்டிய பிள்ளையைக்கூட இளவெயிலில் காட்டுவோம். ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கால் ஈரமும் பூசணமுமாக வாழ்கிற ஜனங்களுக்கு வெயிலைவிட்டால் நாதி ஏது? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா.

செப்டம்பர் 20

கும்பகோணத்தில் 'பாராசூட் துணி' கிடைக்கிறது என்று வாங்கிவந்தேன். கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. மேகலா ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்து இரண்டு கையாலும் இழுத்தாள். அந்தக் கோடிவரை ஒரே இழுப்பில் போயிற்று. கட்டமே இல்லாத துணி. கார் மூடும் உறைக்குத்தான் ஆகும் என்றாள். நம்மிடம் கார் இல்லை என்றும் சொன்னாள்.

அக்டோபர் 2

அஸார் போன் செய்தான். அவனாக. கண் போனபிறகு இதுதான் முதல் தடவை.

"தலைமாட்டுல எடது பக்கம் ஒரு பை இருக்கும்ல? வலைப்பை இல்ல, துணிப்பை. என் மூக்குக்கண்ணாடிய அதுலதான் வைப்பேன்."

"ஆமா."

"வாசல் ஜிப்பு வலது காலடில தொடங்கி வளைஞ்சு மேல போகும். நடுவுல ஒரு எடத்துல சிக்கும்."

"ஆமாடா."

"படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

இருக்கட்டும், இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறான் அவன். இங்கே அது ஒரு பையில் பொட்டலமாகக் கிடக்கிறது.

மேகலாதான் சொன்னாள், அதையே அளவாக வைத்து இன்னொன்று தைத்துவிடலாம் என்று. பக்கத்து வீட்டு ரவிக்கைகள் தவிர அவள் வேறு எதுவும் தைத்ததில்லை. ஆனாலும் சொன்னாள்.

அக்டோபர் 11

செம்மொழி அனுப்பிய துணி வந்தது. நிஜமான ரிப்ஸ்டாப். அதே கரும்பச்சை கிடைக்கவில்லை, கொஞ்சம் வெளிர். அவனுக்கு நிறம் எதற்கு என்று நினைத்தேன். நினைத்ததும் கஷ்டமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். விரல் நுனியில் கட்டம் கட்டமாகத் தட்டுகிறது. எனக்கே தெரிகிறதென்றால் அவனுக்கு எவ்வளவு தெரியும்.

அக்டோபர் 16

பழையதைத் தையல் பிரித்துத் தரையில் பரப்பியிருக்கிறோம். மேகலா அதன்மேல் புதுத்துணியைப் போட்டு வெட்டுகிறாள். விரால் மீன் மாதிரி வழுக்குகிறது. குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மூடவே மூடாதாம். அதனால் கொடியிலிருந்த துணி கிளிப்பெல்லாம் இங்கே வந்துவிட்டது. வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிர்கிறது. மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினால் உருகி நின்றுகொள்கிறது. அது என் வேலை. விரலைச் சுட்டுக்கொள்வதும் என் வேலை.

தைத்துக்கொண்டே திடீரென்று சொன்னாள்: "கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆவல. என்னை உங்க அம்மாகிட்ட விட்டுட்டு சைக்கிள்ல கெளம்பிப் போனீங்க. இதுக்குள்ள படுக்க."

"அதெல்லாம் அப்பவே போச்சு."

"எங்க போச்சு? இன்னைக்கும் அதுக்குத்தான் நான் தச்சுக்கிட்டு இருக்கேன்."

கோபமில்லை அவள் குரலில். அன்றைக்கு அவள் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு கையசைத்தது ஞாபகம் வந்தது. மெரூன் கலர் சேலை. சொன்னேன். மெரூன் இல்லை, நீலம் என்றாள். மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

நவம்பர் 9

மழை பிடித்துக்கொண்டது. சம்பா இளம்பயிர் தண்ணீரில் நிற்கிறது. வடிகாலை வெட்டிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு நாள் இப்படியே பெய்தால் அழுகிவிடும்.

இதுதான் சமயம் என்று கூடாரத்தைக் கொல்லையில் அடித்தோம். துணி வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை. தையல் வழியாக எல்லாம் இறங்கியது. ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு முத்து. துணியும் தொய்ந்து வயிறு தள்ளிவிட்டது. செம்மொழி போனில் சொன்னாள், நைலான் தண்ணீர் குடித்தால் நீளுமாம், கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டவேண்டுமாம், தையலுக்கு சிலிக்கான் பசை பூசவேண்டுமாம். இதை முதலிலேயே சொன்னால் என்ன?

ஒழுகுகிற இடங்களுக்கு அடையாளம் வைக்க மேகலாவும் உள்ளே வந்தாள். சாக்கட்டியோடு இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தம் தலைக்கு ஒரு சாணுக்கு மேலே. இவ்வளவு கிட்டத்தில் மழையைக் கேட்டு எத்தனை வருஷம். பழைய மாசிகள் எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன – பெட்ரோமாக்ஸ், கண்ணுசாமியின் நாய், அஸார் பாடும் அரைகுறைப் பாட்டு.

"இதுக்குத்தானா?" என்றாள் மேகலா. கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நவம்பர் 12

மழை விட்டது. பயிர் தப்பிக்கும்.

டிசம்பர் 21

பசை பூசி முடித்து, இரண்டாவது மழையில் சோதித்தாயிற்று. ஒழுகவில்லை.

அவனிடம் என்ன சொல்வது என்பதுதான் இப்போது. "பழசுன்னே குடுத்துடுங்க. அவருக்குத் தெரியவா போவுது" என்றாள் மேகலா. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அவன் கேட்டது அந்தக் கூடாரம். இது அது இல்லை என்று தெரிந்தால் மறுபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவான். தெரியாவிட்டால் – கண் தெரியாதவனை ஏமாற்றி வெளியே கூட்டிப்போவது என்ன பிழைப்பு?

பழையதில் ஒன்றே ஒன்று மட்டும் நைந்துபோகவில்லை. அந்தத் தலைமாட்டுப் பை. எப்படிப் புரட்டிப் போட்டாலும் உள்பக்கமாகவே இருந்திருக்கிறது போல, வெயில் படவேயில்லை. மேகலா அதைப் பிரித்தெடுத்துப் புதியதில் அதே இடத்தில் வைத்துத் தைத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள்.

ஜனவரி 18

பொங்கல் கழிந்து மயிலாடுதுறை போனேன். கூடாரத்தை அவன் அறையிலேயே, கட்டிலை ஒதுக்கிவிட்டு, கம்பிகளை மட்டும் செருகி நிறுத்தினேன். இது புதுசு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. கமருன்னிஸா கதவோரம் நின்றாள்.

அஸார் முட்டி போட்டான். வலது காலடியில் கை வைத்தான். ஜிப்பு அங்கே இருந்தது. வளைவோடு மேலே போனான். நின்றான்.

"சிக்கல."

துணியை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினான். "கட்டம் பெருசா இருக்கு. இது அது இல்ல."

உள்ளே தவழ்ந்து போனான். தலைமாட்டுப் பக்கம் அவன் கை போவது துணிக்கு வெளியே மேடாகத் தெரிந்தது. பையைத் தொட்ட இடத்தில் அந்த மேடு அசையாமல் நின்றது. ரொம்ப நேரம்.

"இது மட்டும் பழசு" என்றான் உள்ளேயிருந்து.

"ஆமா."

"மிச்சம் என்னாச்சு?"

சொன்னேன். பங்குனி, களம், விதைநெல், புரட்டிப் போட்டது, எல்லாம். சொல்லச் சொல்லக் கூடாரம் ஆடத் தொடங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"நெல்லோடயா காயவச்ச? நைலான? வருஷா வருஷமா? டேய் செழியா, அவிச்சு அரைச்சிருக்க வேண்டியதுதானடா."

கமருன்னிஸா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எப்படிப்பட்ட டென்ட்டுடா அது. வேதாரண்யத்துல அந்த ராத்திரி பெஞ்ச பெருமழைல ஒரு சொட்டு உள்ள வந்துச்சா?"

"யாரு சொன்னா? தெப்பமா நனைஞ்சு உப்பளக் கொட்டகைல போய்க் குந்தியிருந்தோம். நீ பல்லு தந்தியடிக்க, 'அம்மா அம்மா'ன்னு கெடந்த."

அப்படியா? இந்தக் கதையை நான் மேகலாவுக்கு, செம்மொழிக்கு, வயலுக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு சொட்டு இறங்கவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கொட்டகை ஞாபகம் வந்தது. உப்புச் சாக்கின் வாசனைகூட வந்தது. அவன் சொன்னதுதான் நிஜம். ஆனாலும் அந்த ராத்திரி சந்தோஷமாக இருந்தது என்பதும் நிஜம்தானே.

வருகிறானா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவனே, "நோன்புக்கு முன்னாடி போயிட்டு வந்துடணும்" என்றான்.

பிப்ரவரி 4

அறுப்பு மிஷின் வந்துவிட்டது. எழுத நேரமில்லை.

பிப்ரவரி 14

கண்ணுசாமியின் தோப்பு. வேதாரண்யம்.

நாகப்பட்டினம் போய் பஸ் மாறி வந்தோம். சைக்கிளில் வந்த வழியைப் பஸ்ஸில் வந்தால் ஊர்கள் சீக்கிரம் சீக்கிரமாக முடிந்துவிடுகின்றன. இறங்குகிற இடத்திலெல்லாம் அஸார் என் முழங்கையைப் பிடித்த பிடி வலிக்கிற மாதிரி இருந்தது. கூட்டிவந்தது தப்போ என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கண்ணுசாமிக்கு வயசாகிவிட்டது. கஜா புயலில் பழைய தென்னை ஒன்று விடாமல் போனதாம். இப்போது நிற்பதெல்லாம் அப்புறம் வைத்த கன்றுகள், காய்க்கத் தொடங்கிவிட்டன. "நீங்க வந்து தங்குன எடம் இதுதான் தம்பி. மரந்தான் வேற" என்றார்.

கூடாரத்தை அஸார் அடித்தான். நான் முளையை நீட்டினேன், அவ்வளவுதான். கம்பியைச் செருகியது, மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தது, கயிற்றை இழுத்துத் தென்னையில் கட்டியது எல்லாம் அவன். காற்று வந்தபோது துணி விம்மியது. அவன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் எல்லாக் கயிற்றையும் மறுபடி ஒரு தடவை இழுத்துக் கட்டினான்.

பிப்ரவரி 15

விடியற்காலையில் விழித்தேன். பக்கத்தில் பாய் காலி.

"அஸாரு" என்றேன். பதிலில்லை. வாசல் ஜிப்பு மூடியிருந்தது. மூடியிருந்தால் எப்படி வெளியே போயிருப்பான் என்று ஒரு நிமிஷம் புத்தியே ஓடவில்லை. கிணறு இருக்கிறது, முள்வேலி இருக்கிறது, அந்தப் பக்கம் உப்பங்கழி இருக்கிறது. கமருன்னிஸாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஜிப்பைத் திறந்து தவழ்ந்து வெளியே விழுந்தேன்.

தோப்பின் விளிம்பில், வரப்பில் உட்கார்ந்திருந்தான். கடல் பக்கம் முகம். எங்கோ பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன.

ஓடினேன். கண்டபடி திட்டினேன். எப்படிடா வந்த, யாரைக் கேட்டு வந்த, உழுந்து தொலைச்சிருந்தா என்னடா பண்ணுவேன்.

"கயித்தப் புடிச்சு தென்னை வரைக்கும் வந்தேன். அங்கேருந்து அடுத்த தென்னை. அப்புறம் காத்து வர்ற பக்கம் நடந்தேன். ஒண்ணுக்கு வந்துச்சு, போனேன். போனா நல்லாருந்துச்சு, உக்காந்துட்டேன்."

"எழுப்ப வேண்டியதுதானடா."

"நீ நல்லாத் தூங்கிட்டிருந்த."

"அந்த ஜிப்ப எதுக்கு மூடுன? உசுரே போயிருச்சு எனக்கு."

"தொறந்து போட்டா உன்னக் கொசு கடிக்கும்ல" என்றான்.

அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வரப்பு பனியில் நனைந்திருந்தது.